ராஜாக்களின் கணக்கும் தீர்க்கதரிசிகளின் வாக்கும்: வாசகர் கேள்வி – பதில்

(இஸ்ரவேல், யூதா ராஜ்யங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். ஆட்களின் பெயர்களைப் பழைய தமிழ் வேதாகம வழக்கப்படியே எழுதியிருக்கிறோம்.)

கேள்வி: ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தபோது யெரொபெயாமும் ரெகொபெயாமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆளத் தொடங்கினார்கள். பிறகு வடக்கத்திப் படைத்தலைவன் யெகூ இரண்டு நாட்டு ராஜாக்களையும் ஒரே நாளில் கொன்றான். அப்படியானால் இடையில் ஓடிய வருஷங்கள் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் வடக்கே (இஸ்ரவேல்) 98, தெற்கே (யூதா) 95. ஞாயிறு பள்ளியில் ஒரு பெண் கேட்டுவிட்டாள். என்ன சொல்வது? (ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு பரிசு கொடுங்கள். கூட்டல் சரி. வடக்கே யெரொபெயாம் 22, நாதாப் 2, பாஷா 24, ஏலா 2, சிம்ரி ஏழே நாள், உம்ரி 12, ஆகாப் 22, அகசியா 2, யோராம் 12, மொத்தம் 98. தெற்கே ரெகொபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, யோசபாத் 25, யோராம் 8, அகசியா 1, மொத்தம் 95. (இரு பக்கமும் ஒரு யோராம், ஒரு அகசியா. தலைமுறை தலைமுறையாகப் படிப்பவர்களைக் குழப்பும் இடம் இது.) ஆனால் உண்மையில் ஓடியது 98-உம் அல்ல, 95-உம் அல்ல. சுமார் 90.

பிள்ளையின் வயதைக் கேட்டால் நம் வீடுகளில் "பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்குது" என்பார்கள். ஒருவர் முடிந்ததை எழுதுவார், இன்னொருவர் நடப்பதை எழுதுவார். அரண்மனை எழுத்தர்களும் அப்படித்தான். வடக்கே, பட்டமேறிய வருஷத்தில் இரண்டு மாதமே மிச்சமிருந்தாலும் அதை முதலாம் வருஷம் என்று எண்ணினார்கள். அதே வருஷம் செத்துப்போன ராஜாவின் கணக்கிலும் சேர்ந்துவிடுவதால் ஒரு வருஷம் இரண்டு தடவை எண்ணப்படுகிறது. தெற்கே தொடக்கத்தில் பட்டமேறிய வருஷத்தைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த புத்தாண்டிலிருந்துதான் முதலாம் வருஷம் என்றார்கள்.

இதற்கு ஆதாரம் இராஜாக்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நாதாப் ஆசாவின் 2-ஆம் வருஷத்தில் ஏறி, 3-ஆம் வருஷத்தில் கொல்லப்பட்டான். "இரண்டு வருஷம்" ஆண்டான் என்று எழுதியிருக்கிறது. பாஷா 3-ஆம் வருஷத்தில் ஏறினான், அவன் மகன் ஏலா 26-ஆம் வருஷத்தில்; பாஷாவுக்கு 23 அல்ல, 24 என்று போட்டிருக்கிறது. ஏலா 26-இல் ஏறி 27-இல் செத்தான், அவனுக்கும் இரண்டு. ஆகவே வடக்கே சிம்ரியை விட்டுவிட்டு எட்டு ராஜாக்களுக்கும் தலைக்கு ஒன்று கழியுங்கள். 98 போய் 90 ஆகும்.

தெற்கே 95-ஐ எப்படி 90 ஆக்குவது? ஆசாவுக்கு 39-ஆம் வருஷத்தில் காலில் கடும் நோய் வந்தது. 41-ஆம் வருஷத்தில் இறந்தான். அந்தக் கடைசி மூன்று வருஷமும் மகன் யோசபாத் கூடவே ஆண்டான் என்று காலக்கணக்கு ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பன் நோயில் கிடக்க மகன் ஆள்வது அங்கே புதிதல்ல. உசியா குஷ்டரோகியாகித் தனி வீட்டில் இருந்தபோது யோதாம் நாட்டை விசாரித்தான் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆக மூன்று போக 92. அடுத்து தெற்கத்தி யோராம் ஆகாபின் மகளைக் கட்டினான். அவளோடு வடக்கத்திக் கணக்கும் எருசலேம் அரண்மனைக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. அதன் தடயம் 2 இராஜாக்கள் 8:25-இலும் 9:29-இலும் உள்ளது. யூதாவின் அகசியா ஏறியது வடக்கத்தி யோராமின் 12-ஆம் வருஷம் என்கிறது ஒன்று. 11-ஆம் வருஷம் என்கிறது மற்றது. முரண்பாடு என்று பலர் கைகாட்டும் இந்த இடம்தான் சாவி: ஒன்று நடக்கும் வயது, மற்றது முடிந்த வயது. யோராமுக்கு ஒன்று, அகசியாவுக்கு ஒன்று கழித்தால் 90.

இது நாமாக வளைத்த கணக்கா என்ற சந்தேகம் வரலாம். வெளிச்சாட்சி அசீரியாவில் இருக்கிறது. மூன்றாம் சல்மனாசர் தன் 6-ஆம் வருஷத்தில் கர்க்கார் போரில் ஆகாபை எதிர்கொண்டதாகவும், 18-ஆம் வருஷத்தில் யெகூவிடம் கப்பம் வாங்கியதாகவும் பதிந்திருக்கிறான். இடைவெளி 12. இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஆண்டவர்கள் அகசியா 2, யோராம் 12, ஆக 14. தலைக்கு ஒன்று கழித்தால் சரியாக 12 வருகிறது. அசீரியர்கள் வருஷத்துக்கு ஒரு அதிகாரியின் பெயர் வைத்துப் பட்டியல் எழுதினார்கள். அதில் ஒரு வருஷத்தில் சூரிய கிரகணம் என்று குறிப்பு. வானியல் கணக்கில் அது கி.மு. 763 ஜூன் 15. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் கர்க்கார் 853, யெகூ 841, பிரிவினை 931 அல்லது 930.

வகுப்பில் சொல்ல ஒரு வழி: கரும்பலகையில் ஆசாவின் 41 வருஷத்தையும் 41 கட்டங்களாகப் போடுங்கள். நாதாப், பாஷா, ஏலா மூவரையும் ஏறிய கட்டத்திலும் இறங்கிய கட்டத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் விழும்போது பிள்ளைகளுக்குத் தானே புரியும். உம்ரியை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசாவின் 31-ஆம் வருஷத்தில் ஏறி 12 வருஷம் ஆண்டவனின் மகன் 38-ஆம் வருஷத்திலேயே எப்படி ஏறினான் என்று கேட்பார்கள். அந்த 12, சிம்ரி செத்த 27-ஆம் வருஷத்திலிருந்து எண்ணப்படுகிறது. 31 வரை திப்னி என்ற போட்டியாளன் பாதி ஜனத்தைக் கையில் வைத்திருந்தான்.

கேள்வி: வினாடி வினாவில் "மொத்தம் எத்தனை ராஜாக்கள்?" என்று கேட்டார்கள். 42 என்றேன். தவறு என்றார்கள்.

பதில்: வடக்கே 19, தெற்கே 19, பிரிவினைக்கு முன் சவுல், தாவீது, சாலொமோன். ஆக 41. யூதாவை ஆறு வருஷம் ஆண்ட ராணி அத்தாலியாளைச் சேர்த்தால் 42. அவளை விட்டது கேள்வி போட்டவரின் விருப்பம். சவுலின் மகன் இஸ்போசேத் இரண்டு வருஷம் ஆண்டான், அவனையும் சேர்ப்பீர்களா என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருக்கலாம். இன்னொன்று: சவுல் எத்தனை வருஷம் ஆண்டான் என்று மட்டும் யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். 1 சாமுவேல் 13:1-இன் எபிரெய மூலத்தில் எண் உதிர்ந்துபோயிருக்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், அவன் ஏறும்போது வயது ஒன்று என்று வரும்!

கேள்வி: அசீரியக் கல்வெட்டுகளில் இஸ்ரவேலுக்கே "உம்ரி வீடு" என்று பெயராமே. அவ்வளவு பெரிய ராஜாவைப் பற்றி வேதத்தில் ஏன் ஒன்றுமே இல்லை? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது, ஆறு வசனம் இருக்கிறது (1 இராஜாக்கள் 16:23–28). அதில் உருப்படியான செய்தி, சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கிச் சமாரியாவைக் கட்டினான் என்பது. ஒரு தாலந்து 3,000 சேக்கல். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.4 கிராம். ஆக 68 கிலோ வெள்ளி. சுற்றிலும் பள்ளத்தாக்கு உள்ள அந்த மலையைப் பிடிக்கப் பின்னாளில் அசீரியப் படைக்கு மூன்று வருஷ முற்றுகை தேவைப்பட்டது. கொடுத்த விலை வீண்போகவில்லை.

மோவாபின் ராஜா மேசா எழுதிவைத்த கருங்கல் 1868-இல் தீபோனில் கிடைத்தது. இப்போது பாரிஸின் லூவரில் உள்ளது. உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், அதற்குக் காரணம் தங்கள் தெய்வம் காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்ததுதான் என்று அதில் வருகிறது. (இஸ்ரவேலின் எதிரியும் சரித்திரத்தை அதே பாணியில்தான் எழுதினான் என்பதைக் கவனியுங்கள்.) கர்க்கார் போர்ப் பதிவில் ஆகாபுக்கு 2,000 ரதங்கள், 10,000 காலாட்கள். தமஸ்கு ராஜாவுக்கே 1,200 ரதம்தான். 2,000 என்பது எழுத்தர் கைப்பிழை, 200-ஆக இருக்கும் என்பாரும் உண்டு. அந்தப் போரைப் பற்றி வேதத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆகாப் பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கோ ஓர் அதிகாரம் முழுவதும் இருக்கிறது.

காரணம், இராஜாக்கள் புத்தகத்தை எழுதியவர் ஆட்சி வரலாறு எழுத உட்காரவில்லை. ராஜா உடன்படிக்கையைக் காத்தானா, பலிபீடம் எங்கே கட்டினான், ஏழையின் நிலத்தில் கைவைத்தானா என்பதே அவர் அளவுகோல். போரும் கட்டடமும் வேண்டுமானால் "இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புஸ்தகத்தில்" பார்த்துக்கொள் என்று அநேகமாக ஒவ்வொரு வடக்கத்தி ராஜாவின் முடிவிலும் கைகாட்டிவிட்டுப் போகிறார். அந்தப் பதிவேடு நமக்குக் கிடைக்கவில்லை. நம் வேதாகமத்தில் உள்ள நாளாகமம் அது அல்ல.

இன்னொரு வேடிக்கை: உம்ரியின் வம்சத்தையே வேரறுத்த யெகூவை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அசீரியக் கறுப்புத் தூண் "உம்ரியின் மகன்" என்கிறது. நிம்ரூதில் 1846-இல் எடுத்த தூண் அது. வெளிநாட்டு எழுத்தனுக்கு நாட்டின் பெயர்தான் தெரியும், குடும்பச் சண்டை தெரியாது. 1993-இல் தாண் ஊரில் கிடைத்த அராமியக் கல்லிலோ, இரண்டு ராஜாக்களையும் கொன்றது நானே என்று சீரியா தேசத்து ராஜா ஒருவன் (அநேகமாக ஆசகேல்) பெருமையடிப்பதாகத் தெரிகிறது. யெகூ அவனோடு கூட்டுச் சேர்ந்தானா, அவன் செயலை இவன் தனதாக்கிக்கொண்டானா என்பது இன்னும் ஓயாத வாதம். "தாவீதின் வீடு" என்ற சொல் வேதத்துக்கு வெளியே தெளிவாகக் கிடைத்ததும் அந்தக் கல்லில்தான்.

கேள்வி: ராஜாக்களை அபிஷேகம் பண்ணிய தைலத்தை யாத்திராகமம் 30-இல் உள்ள அளவுப்படி வீட்டில் செய்து பார்க்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், அதேபோலச் செய்கிறவன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டுபோவான் என்று இருக்கிறது. அளவைப் புரிந்துகொள்வதில் தவறில்லை. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின். இன்றைய நிறுவையில் வெள்ளைப்போளமும் இலவங்கப்பட்டையும் தலைக்கு 5.7 கிலோ, மற்ற இரண்டும் தலைக்கு 2.85 கிலோ. மொத்தம் 17 கிலோ. ஒரு ஹின் என்பது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு லிட்டர் வரை சொல்வோரும் உண்டு.

எங்கே இடிக்கிறது என்று சமையல் தெரிந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். 17 கிலோ சரக்கை நான்கு லிட்டர் எண்ணெயில் போட்டால் காய்ந்த பட்டை எண்ணெயை முழுவதும் குடித்துவிடும். வடிக்க ஒரு சொட்டும் மிஞ்சாது. இந்தக் கேள்வியை யூத ரபிமார்கள் (வேத போதகர்கள்) தங்கள் பழைய விளக்கத் தொகுப்பான தால்மூதிலேயே எழுப்பிவிட்டார்கள். வேர்களை எண்ணெயிலேயே காய்ச்சினார்கள் என்றார் ஒருவர். வேர்களின் மேல் பூசக்கூட அந்த எண்ணெய் போதாதே என்று மறுத்தார் மற்றவர்: சரக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே எண்ணெயை ஊற்றி, வாசனை ஏறியதும் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்தார்கள் என்பது அவர் பக்கம். தண்ணீரில் ஊறிய பட்டை எண்ணெயைக் குடிக்காது. ஆகவே இரண்டாமவர் சொல்வதே நடக்கிற காரியமாகத் தெரிகிறது.

பெயரிலும் ஒரு சிக்கல். பழைய மொழிபெயர்ப்பில் கருவாவும் இலவங்கப்பட்டையும் வெவ்வேறு சரக்கு. நம் மளிகைக் கடையில் "பட்டை" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, காரமான காசியா. மெல்லிய சுருளாக வருவது இலங்கைக் கறுவா. மூலத்திலும் அந்த வேறுபாடுதான் உள்ளது.

எல்லா ராஜாவுக்கும் இந்தத் தைலம் ஊற்றினார்களா? தால்மூதின் மரபுப்படி, அப்பன் பின் மகன் தகராறில்லாமல் ஏறினால் ஊற்றுவதில்லை, போட்டி இருந்தால்தான். சாலொமோனுக்கு அதோனியா போட்டி, யோவாசுக்கு அத்தாலியாள். பாத்திரத்தையும் கவனிக்கலாம்: சவுலுக்கும் யெகூவுக்கும் குப்பி, தாவீதுக்கும் சாலொமோனுக்கும் கொம்பு. குப்பி உடையும், கொம்பு உடையாது, வம்சமும் அப்படியே என்று ரபிமார்கள் அதையும் விடவில்லை.

கேள்வி: தீர்க்கதரிசி, இறைவாக்கினர், நபி: மூன்றும் ஒன்றுதானா? தாவீதை முஸ்லிம் நண்பர்கள் நபி என்கிறார்கள். நமக்கு அவர் ராஜாதானே?

பதில்: "தீர்க்கதரிசி" வடசொல், நெடுந்தொலைவு பார்ப்பவர் என்று பொருள். அதனால் நம் காதில் எதிர்காலம் சொல்பவர் என்றே விழுகிறது. எபிரெயச் சொல் "நாபி". பார்ப்பதோடு அதற்குத் தொடர்பில்லை. அழைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. யாத்திராகமம் 7:1-இல் ஆரோன் மோசேக்கு நாபியாக இருப்பான் என்று வருகிறது. அங்கே குறி சொல்லும் வேலையே இல்லை. பார்வோன் முன் மோசேக்குப் பதிலாகப் பேசும் வாய் அவன். "இறைவாக்கினர்" இதற்கு நெருக்கமான சொல். பார்ப்பவர் என்ற சொல்லும் தனியாக இருந்தது. அதைத்தான் 1 சாமுவேல் 9:9-இல் "ஞானதிருஷ்டிக்காரன்" என்று படிக்கிறோம். அரபு வழியாகத் தமிழுக்கு வந்த "நபி" எபிரெய "நாபி"யின் உடன்பிறப்பு. மூன்றில் மூலத்தின் ஒலியைக் காப்பது அதுவே.

இஸ்லாமிய மரபில் தாவூதும் சுலைமானும் ராஜாக்கள், நபிமார்கள், இரண்டும்தான். தாலூத் என்ற சவுல் அங்கே ராஜா மட்டும். யூத மரபிலோ வேறு விதமான வியப்பு: யோசுவா முதல் இராஜாக்கள் வரையுள்ள சரித்திரப் புத்தகங்கள் "முந்திய தீர்க்கதரிசிகள்" என்ற பகுதியில் இருக்கின்றன, தானியேல் தீர்க்கதரிசிகள் பகுதியிலேயே இல்லை.

கேள்வி: கள்ளத் தீர்க்கதரிசியை அந்தக் காலத்து ஜனங்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இருவரும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதானே தொடங்குவார்கள்?

பதில்: பெரும்பாலும் கண்டுபிடிக்கவில்லை. உபாகமம் 18:22 சொன்னது நடக்காவிட்டால் அவன் பொய்யன் என்கிறது. நடந்து முடிந்த பிறகு உதவும் சோதனை. இன்றைக்குச் சரணடைவதா சண்டையிடுவதா என்று கேட்பவனுக்கு உதவாது. 13-ஆம் அதிகாரம் இன்னும் இறுக்குகிறது: சொன்ன அடையாளம் பலித்தாலும், வேறு தேவர்களிடம் கூப்பிட்டால் கேட்காதே.

எரேமியா 28-ஐப் படியுங்கள். சிதேக்கியாவின் 4-ஆம் வருஷம் ஐந்தாம் மாதம். இரண்டே வருஷத்தில் ஆலயப் பாத்திரங்கள் பாபிலோனிலிருந்து திரும்பிவரும் என்கிறான் அனனியா என்ற தீர்க்கதரிசி. பாபிலோனுக்கு அடங்குங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தோடு நின்றபடி "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறான்; பிறகு ஓர் அளவுகோலைச் சொல்கிறான். முன்னிருந்தவர்கள் யுத்தத்தையும் கொள்ளைநோயையும் சொன்னார்கள். சமாதானம் சொல்கிறவன்தான் பலிக்கும்வரை காத்திருந்து தன்னை நிரூபிக்க வேண்டும். அனனியா நுகத்தை உடைத்தபோது எரேமியா ஒன்றும் பேசாமல் போய்விட்டான் என்பது நாம் கவனிக்காமல் தாண்டிவிடும் வரி. பதில் பிறகுதான் வருகிறது. அனனியா ஏழாம் மாதம் செத்தான்.

இன்னொரு அளவுகோல் சாப்பாட்டுத் தட்டு. பல்லால் கடிக்கக் கிடைத்தால் சமாதானம் என்பார்கள், வாயில் ஒன்றும் போடாவிட்டால் யுத்தம் என்பார்கள் என்று மீகா (3:5) குத்துகிறான். காணிக்கை வாங்குவதே குற்றமல்ல. சவுல் கழுதையைத் தேடிப்போனபோது, சாமுவேலுக்குக் கொடுக்கக் கால் சேக்கல் வெள்ளி, அதாவது மூன்று கிராமுக்கும் குறைவு, அவனுடைய வேலைக்காரன் கையில் வைத்திருந்தான். கூலிக்கு ஏற்றபடி வாக்கு மாறுவதுதான் குற்றம்.

மெய்யான தீர்க்கதரிசியின் வாக்கும் சொன்னபடியே நடக்காமல் போனதுண்டு. எருசலேம் வயல்போல உழப்படும் என்று ராஜா எசேக்கியாவின் நாளில் மீகா சொன்னது அப்போது நடக்கவில்லை. நூறு வருஷம் கழித்து எரேமியாவைக் கொல்ல வந்தவர்களிடம் மூப்பர்கள் அதையே எடுத்துக்காட்டினார்கள்: ராஜா பயந்து வேண்டிக்கொண்டான், கர்த்தர் தீங்கை விலக்கினார். எசேக்கியேலோ இன்னும் நேரடி. தீரு பட்டணத்தைப் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கொள்ளையிடுவான் என்று 26-ஆம் அதிகாரத்தில் சொன்னவன், 29:18-இல், அவன் சேனைக்குத் தீருவில் கூலி கிடைக்கவில்லை என்று தானே எழுதிவைத்திருக்கிறான். பழைய வாக்கை அழித்துத் திருத்தவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் கிடக்கின்றன.

கேள்வி: "காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன்" ஆமோஸ். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கிய ஏழையா இப்படிக் கவிதை எழுதினான்? (விவசாயி, தேனி)

பதில்: "பொறுக்குகிறவன்" என்ற சொல்தான் இடறுகிறது. எபிரெயத்தில் உள்ளது அந்தப் பழத்தில் செய்யும் ஒரு தனி வேலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள், அந்த மரத்தை எகிப்தில் கண்ணால் கண்டவர்கள், "கீறுகிறவன்" என்று எழுதினார்கள்.

இந்த மரம் நம் நாட்டு அத்திக்கு உறவு. நம் அத்தியைப் போலவே அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். காய்க்குள்ளே சிறு குளவி முட்டையிட்டு வளரும். விட்டுவிட்டால் பூச்சி நிறைந்து தின்ன உதவாது. அதனால் காய் பிஞ்சுப் பருவம் தாண்டியதும் மரமேறி, ஒவ்வொரு காயிலும் கத்தி நுனியால் ஒரு கீறல் போடுவார்கள். கீறல் பட்டதும் காய் எத்திலீன் வாயுவை விடும். மூன்று நான்கு நாளில் பருத்து இனிக்கும், குளவி வெளிவருவதற்கு முன்பே பறித்துவிடலாம். முன்கூட்டிக் கீறினால் காய் வளராது, பிந்தினால் பூச்சி முந்திக்கொள்ளும். கீறல் தழும்போடு உலர்ந்த பழங்கள் எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. ஒரே மரத்தில் காய்கள் வெவ்வேறு பருவத்தில் இருப்பதால் மறுபடி மறுபடி ஏற வேண்டும். கை பழகிய ஆளின் வேலை.

இரண்டாவது, ஆமோசின் ஊர் தெக்கோவா கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். உறைபனி தாங்காத காட்டத்தி அங்கே வளராது. தாழ்வான மேற்குச் சரிவிலோ யோர்தான் பள்ளத்தாக்கிலோதான். ஆகவே அவன் இடம்விட்டு இடம் போய் வந்தவன். மூன்றாவது, 1:1-இல் அவனைக் குறிக்கும் "நோக்கேத்" என்ற சொல் வேதத்தில் இன்னும் ஒரே ஆளுக்குத்தான் வருகிறது: மோவாபின் ராஜா மேசா! லட்சம் ஆட்டுக்குட்டிகள் கப்பம் கட்டிய மந்தைக்காரன். ஆமோஸ் ராஜா அல்ல. ஆனால் கந்தையோடு பழம் பொறுக்கிய ஆளும் அல்ல. "நான் தீர்க்கதரிசியுமல்ல" என்று பெத்தேல் ஆசாரியனிடம் அவன் சொன்னதற்குப் பொருள், எனக்குத் தொழில் இருக்கிறது, உன் அப்பம் எனக்கு வேண்டாம் என்பதே.

கேள்வி: சாலொமோனின் கப்பலில் வந்த மயிலின் எபிரெயப் பெயர் "துக்கி", அது தமிழ்த் "தோகை" என்று மேடைகளில் பேசுகிறார்கள். உண்மையா?

பதில்: வாய்ப்பு உண்டு, தீர்ந்த விஷயம் அல்ல. 1 இராஜாக்கள் 10:22-இல் உள்ள "துக்கிய்யீம்" தமிழின் தோகை என்பதைக் கால்டுவெல் 1856-இல் வந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துச் சொன்னார். தோகை என்பது பழந்தமிழில் வாலை மட்டுமல்ல, பறவையையும் குறிக்கும் என்பது இதற்கு வலு. எதிர்ப்பக்கமும் கேளுங்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இராஜாக்களின் அந்த வசனத்தில் மயிலே இல்லை, செதுக்கிய கற்கள் இருக்கின்றன. இது எகிப்தியச் சொல், குரங்கில் இன்னொரு வகை என்று வாதிட்டவர்களும் உண்டு. குரங்குக்கு அடுத்து இந்தச் சொல் வருவது அவர்களுக்குச் சாதகம். தோகை என்பதே சரி என்று வைத்தாலும், சொல் பல கை மாறிப் போயிருக்கலாம். எபிரெயக் கப்பல் நம் துறைமுகத்தில் நங்கூரமிட்டது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

கேள்வி: எருசலேமில் தண்ணீருக்காக வெட்டிய எசேக்கியாவின் சுரங்கத்தை இரு முனையிலிருந்தும் தோண்டி நடுவில் சந்தித்தார்கள் என்கிறார்கள். திசைகாட்டி இல்லாமல் எப்படி? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: நேர்கோட்டில் தோண்டியிருந்தால் சுமார் 320 மீட்டர் போதும், அவர்கள் தோண்டியது 533 மீட்டர், பாம்புபோல வளைந்து. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை மட்டம் இறங்குவது வெறும் 30 சென்டிமீட்டர் அளவே. சுண்ணாம்புப் பாறையில் முன்பே இருந்த வெடிப்பைப் பின்தொடர்ந்ததால் வளைந்தது என்பது ஒரு விளக்கம். மேலே தரையில் சுத்தியலால் தட்டி, கீழே இருப்பவர்களுக்கு ஒலியால் வழிகாட்டினார்கள் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் தனியாகப் போதாது, ஏனென்றால் சந்திக்கும் இடத்துக்கு அருகே இரு குழுவும் தடவித் தடவித் திரும்பிய தடங்கள், கைவிட்ட பொய் முனைகள் தெரிகின்றன. தொடர்ச்சியான வெடிப்பு இருந்திருந்தால் இந்தத் தடுமாற்றம் வராது. தெற்கு முனையில் கூரை ஐந்து மீட்டர்வரை உயர்ந்திருப்பதும் அழகுக்காக அல்ல. தண்ணீர் ஓடாததால் தரையை மேலும் வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள்.

உள்ளே ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று 1880-இல் கண்ணில் பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்று முழம் மிச்சமிருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது என்றும், தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்றும் அதில் இருக்கிறது. 533-ஐ 1,200-ஆல் வகுத்தால் முழம் 44.4 சென்டிமீட்டர், எபிரெய முழத்துக்கு வேறு வழிகளில் கிடைத்த அளவோடு ஒத்துப்போகிறது. ராஜாவின் பெயர் கல்வெட்டில் இல்லை. குரல் கேட்ட கணத்தை எழுதிவைத்தது உளி பிடித்தவர்களின் கூட்டம்தான் என்று தோன்றுகிறது. அரண்மனை எழுதியிருந்தால் முதல் வரியிலேயே எசேக்கியா வந்திருப்பான்.

கேள்வி: ஏசாயாவின் கையொப்ப முத்திரை கிடைத்துவிட்டதாக வாட்ஸாப்பில் வருகிறதே?

பதில்: 2018-இல் அறிவித்த களிமண் முத்திரைப் பதிவு அது, எருசலேமின் ஓபேல் பகுதியில் தோண்டியபோது கிடைத்தது. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஓரம் உடைந்தது. "ஏசாயாவுக்குரியது" என்பது ஏறக்குறைய தெளிவு. அடுத்த வரியில் ந, ப, ய மூன்று எழுத்துகள். "நாபி" என்று முடிக்க ஓர் ஆலெப் எழுத்து வேண்டும். அந்த இடம் உடைந்திருக்கிறது. ஆலெப் இல்லாவிட்டால் அது அப்பன் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருக்கலாம். ஏசாயா என்பது அக்காலத்தில் ஒரே ஆளுக்கு உரிய பெயரும் அல்ல. மூன்று மீட்டர் தள்ளி, "எசேக்கியா, ஆகாசின் மகன், யூதாவின் ராஜா" என்று முழுதாகப் படிக்க முடிகிற முத்திரைப் பதிவு கிடைத்ததும் உண்மை. அதில் சந்தேகம் இல்லை. அந்தப் படத்தை வேண்டுமானால் தாராளமாகப் பகிருங்கள்.